முழுமையாக்கல்

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே
இன்னொரு தடம்.
கருத்துரு, பக்கம் முப்பத்தொன்பது:
பயணிகள் எண்ணிக்கையைத் தட்டச்சியது நான்தான்.
கடைசி மூன்று இலக்கம் எதற்கு,
ஆயிரத்துக்கு முழுமையாக்கு என்றார் மகிமைராஜ் சார்.

நானூற்றுப் பன்னிரண்டு பேர் போனார்கள்.

இரவு 8.10. மகளிர் பெட்டி.
ஒரு கால் என்னுடையது.
மற்றதன் இடத்தில் யாருடைய டிபன் பையோ.
வண்டலூர் தாண்டி நின்றுவிட்டது.
எக்ஸ்பிரஸ் ஒன்று வெளிச்சமாய்க் கடந்தது,
கால் நீட்டிப் படுத்தவர்களோடு,
பெட்டி பெட்டியாக.

அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா
தண்டை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு
"தெனம் இதே எழவு" என்றாள்.

"நாலாவது லைன் போடப்போறாங்க."
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தேன்.
காலையில் அழித்த இலக்கங்களில்
இவள் எத்தனையாவது ஆளோ.

அடுத்த கட்டின் நாரை அவிழ்த்தபடி கேட்டாள்:
"கூடுவாஞ்சேரி வர்றதுக்குள்ளயா?"