பத்தொன்பது பாதங்கள்

இரணைப்பாலைக் கோவிலில்
பெரிய வியாழன் மாலை
பன்னிரண்டு கதிரை.
எண்ணினால் பாதங்கள் பத்தொன்பதுதான் வரும்.
ஒருவரும் எண்ணுவதில்லை.

எட்டு வருசமாய் நான் நீளக் காற்சட்டைக்காரன்.
சப்பாத்துக்குள் பிளாஸ்டிக் பாதம்.
"பிடிச்சுவிடட்டோ?" என்று வந்தவரையெல்லாம்
முறைத்தே துரத்தியவன்.
இராயப்பரின் ரோசம் எனக்கு விளங்கும்.

சுவாமி சட்டியோடு முழந்தாளிட்டார்.
"இதில கால் இல்லை, ஃபாதர்."
"தெரியும்" என்றார்.
எழும்பவில்லை.

சித்திரை வியர்வையில் வார் இறுகிக் கிடந்தது,
விரல்கள் வழுக்கின.
பக்கத்துக் கதிரையில் செபமாலைமுத்து.
வாய்க்கால் தண்ணீருக்காக
நாலு வருச வழக்கு எங்களுக்குள்;
முல்லைத்தீவு நீதிமன்றத்தில் மட்டும்
முகம் பார்ப்போம்.

"இஞ்ச," என்றேன்,
"இதை ஒருக்காக் கழட்டிவிடு."

குனிந்தான்.
வார் பிரிந்த சர்ர் என்ற சத்தம்
பீடம் வரைக்கும் கேட்டது.

விடுதலை என்று எழுதிய கடிதம்
ஒன்று என்னிடம் உண்டு.
வவுனியாவில் தந்தது, மூன்று முத்திரையோடு.
பொலித்தீனில் சுற்றி
றங்குப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.
அதை வாங்கிய அன்றும்
இப்படி மூச்சு விட்டதில்லை.

செம்புத் தண்ணீர் தழும்பில் விழுந்தது.
இல்லாத விரல்கள் ஐந்தும்
நனைந்தன.
சுவாமி துடைத்தார், முத்தமிட்டார்,
முழங்காலால் நகர்ந்து
அடுத்த கதிரைக்குப் போனார்.

வாசலில் செபமாலை கேட்டான்:
"சிறுபோகத்துக்குத் தண்ணி
நாளைக்குத் திறக்கட்டோ, உன்ர பக்கம்?"

"நாளைக்குப் பெரிய வெள்ளியடா,
மண்வெட்டி தொடக் கூடாது."

"அப்ப சனிக்கிழமை" என்றான்,
என் சப்பாத்தைக்
கையில் வைத்துக்கொண்டு.