பெட்டி எண் 41

ஆதம்பாக்கம் தளத்தில்
முப்பத்தெட்டாவது மீட்டரிலிருந்து
ஏறி வந்தது இந்தக் கல்.
தண்ணீர் சொட்டச் சொட்ட
யோவேல் அதைத் தோளில் ஏந்தி வந்து
மரப்பெட்டியில் கிடத்தினான்.
பல்லாவரத்துக் கருங்கல்தான்.
உடைந்த முகத்தில் வெல்லப்பாகின் பளபளப்பு.
இருநூற்றைம்பது கோடி வயசு என்றேன்.
"பென்ஷன் உண்டா மேடம்?" என்றான்.

வடக்கு எதுவென்று கோடு கிழித்து
கல்லின் இடுப்பைச் சுற்றி
ஸ்டாம்பு அளவில் மூன்று அளவிகள் ஒட்டினேன்.
ஒரு மணி நேரத்தில் எண் அசைந்தது.

கல் பருத்துக்கொண்டிருந்தது.
கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது.
மயிரிழையை நூறாகக் கிழித்தால் அதில் ஒன்று.
ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை,
வடகிழக்கு வாக்கில் கொஞ்சம் அதிகம்.
அந்தப் பக்கமாகத்தான் யாரோ
இத்தனை காலம் நெருக்கியிருக்கிறார்கள்.

யாரென்று தெரியும்.
இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
இமயத்தில் முட்டி நிற்கிறது நிலம்.
தெற்கே கடலடியில் புதுப்பாறை பிறந்து பிறந்து
முதுகில் தள்ளுகிறது.
மாம்பலத்தில் எட்டே முக்கால் வண்டி;
இறங்கவும் விடாமல் ஏறவும் விடாமல்
நடுவில் நிற்கிறவளின் பையில்
டிபன் பாக்ஸ் மூடி நெளிகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம்.
அதற்குள் இந்த ஊர் இரண்டடி நகர்ந்துவிட்டது,
கத்திப்பாரா மேம்பாலம், என் வீட்டுக்கடன்,
வேளச்சேரி ஏரியில் மிச்சமிருக்கும் தண்ணீர் சகிதம்.
தில்லியும் கூடவே நகர்வதால்
தூரம் குறையவில்லை.
பிறகு எங்கே போகிறது அத்தனை தள்ளலும்?
கல்லுக்குள் போகிறது.
என்றோ மூடிப்போன பிளவுகளைத்
தடவித் தடவித் தேடுகிறது.
எப்போதாவது ஒன்றின் தையல் பிரியும்.
அன்றைக்கு அடையாறில் மின்விசிறி ஆடும்,
நாலு பேர் லிஃப்டை விட்டுப் படியில் இறங்கி வந்து
தெருவில் நின்று பேசிவிட்டு
மறுபடி லிஃப்டில் ஏறிப் போவார்கள்.

ஒப்பந்தக்காரர் தஸ்தகீர்
அறிக்கையைப் புரட்டினார்.
"சுரங்கத்துக்கு ஆபத்தா?"
இல்லை.
"அப்ப இது எதுக்கு?"
'புறக்கணிக்கத்தக்கது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அது உண்மையும்கூட.

ஞாயிற்றுக்கிழமை
அளவிகளைக் கழற்ற நான் மட்டும் வந்தேன்.
தகரக் கூரையின் கீழ் புழுக்கம்.
மீனம்பாக்கத்துக்கு ஒரு விமானம் தாழ்ந்து போனது.
எண் இன்னும் நின்றபாடில்லை.

கழற்றவில்லை.
பெட்டியின்மேல் சாக்கை இழுத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன்.