மூக்கைப் பிடித்துப் பார்ப்பது

மூன்றேகால் இருக்கும்.
கண் மட்டும் திறந்துவிட்டது.
ஃபேன் சுற்றுவது தெரிகிறது.
கொடியில் தொங்கும் முழுக்கைச் சட்டை தெரிகிறது.
நம்புவேலின் பழைய சட்டை,
பாசிக்கு முங்கும்போது நான் போடுவது.
அதற்குள் யாரோ இருக்கிறார்கள்.

இறங்கி வந்து நெஞ்சில் குந்துகிறது.
நனைந்த வள்ளத்தை ஏழு பேர்
கரையேற்றுவார்களே, அந்த எடை.
பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷனைக்
கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன்,
வாய்க்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொள்கிறது
அவர் பெயர்.

அமுக்கான் என்றாள் பஞ்சவர்ணம்.
தலைமாட்டில் அரிவாள் வை என்றாள்.
வைத்தேன். அரிவாளோடு சேர்த்து அமுக்கியது.
ஏர்வாடியில் ஒரு ராத்திரி தங்கச் சொன்னார்கள்.
தங்கினேன். அங்கே நன்றாகத் தூங்கினேன்,
சுற்றிலும் நூறு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.
மண்டபம் ஆஸ்பத்திரி நர்ஸ்தான்
சிரிக்காமல் கேட்டாள்:
மல்லாந்தா படுக்குறீங்க?
மூளை முழிச்சிருச்சு,
ஒடம்புக்கு இன்னும் தகவல் போகல, அவ்வளவுதான்.
பயப்படாம ஒரு விரலை மட்டும் அசைங்க.
சீட்டில் ஒன்றும் எழுதவில்லை.

ஒரு விரல்.
துணி சுற்றி ரப்பர் மாட்டியும்
இருபத்தோரு வருஷப் பாறை
பத்து விரலிலும் ரேகையைத் தின்றுவிட்டது.
ரேஷன் கடை மெஷின்
என்னை நானில்லை என்கிறது.
அமுக்கானுக்கு மட்டும் எப்படி அடையாளம் தெரிகிறது?

கை வேண்டாம் என்று
கால் சுண்டுவிரலை வைத்துக்கொண்டேன்.

மூச்சடக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
குருசடைத் தீவுக்கு இந்தப் பக்கம்
கச்சான் கலக்கிவிட்ட தண்ணீரில்
ஒரு முங்குக்கு எழுபது எண்ணுவேன்.
பயந்தால் முப்பதுதான்.
பாயில் கிடந்து எண்ணினேன்.
இருபதில் கழுத்துக்கு வந்தது.
நாற்பதில் காதுக்குள் மூச்சு விட்டது,
காய்ந்த சொறி வாடை.
ஐம்பத்தாறில் சுண்டுவிரல்
நண்டுக்குஞ்சு மாதிரி ஒருமுறை நகர்ந்தது.
சட்டை கொடியில் இருந்தது.

அப்புறம் ஒரு ராத்திரி
விரலை அசைக்காமலே விட்டேன்.
என்னதான் செய்யும், பார்ப்போம்.
பாயோடு கீழே அழுத்தியது.
தரைக்கு அடியில் தண்ணீர்.
இது எந்தத் தண்ணீர்?
மூக்கை இறுக்கிப் பிடித்தேன்.
பிடித்த மூக்கின் வழியாகவே
தாராளமாக மூச்சு வந்தது.
அட, கனவு.

கனவென்று தெரிந்த பிறகு அது என் கடல்.
வனத்துறை போட் இல்லை.
ஈரம் ஈரம் என்று கிலோவுக்குக் கழிக்கிற
ஏஜென்ட் சந்தியாகு இல்லை.
பாம்பன் பாலத்துத் தூண்களுக்கு நடுவே நடந்தேன்.
மேலே போன ரயிலைக் கீழிருந்து பார்த்தேன்,
அதற்கும் வயிறு இருக்கிறது.
அமுக்கானைத் தேடினேன்.
பாசிக்குள் மாட்டிக்கொண்டு
இரண்டு கையையும் விரித்து மிதந்தது, சட்டை.
பொத்தான் மாட்டிவிட்டேன்.
நெஞ்சுப் பொத்தான் ஒன்று காணோம்.

போன செவ்வாய்க்கிழமை, நிஜத் தண்ணீர்.
இரண்டு பாகம் ஆழம்.
வெயில் தரைவரை இறங்கி
கட்டக்கோரை முழுக்கப் பொன்னாக நின்றது.
இத்தனை அழகு நிஜத்தில் ஏது என்று
கை தானாக மூக்குக்குப் போனது.
இழுத்துப் பார், என்றது உள்ளே ஒன்று.
அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று.

கனவில் நான் எண்ணுவதில்லை.

உதைத்துக்கொண்டு மேலே வந்தேன்.
மொகம் ஏன்டி இப்படி வெளுத்திருக்கு, என்றாள் பஞ்சவர்ணம்.
உப்பு, என்றேன்.

இப்போது ஒருக்களித்துத்தான் படுக்கிறேன்.
சட்டையை வாசலுக்கு வெளியே காயப்போடுகிறேன்.
பாசிக்கு மாதத்தில் பன்னிரண்டு நாள்,
அது எங்களுக்குள் பேசி வைத்த கணக்கு.
கணக்கில் வராத ஒரு ராத்திரி
மல்லாந்து படுப்பேன்.
நம்புவேல் கேட்டால்
இடுப்பு வலி.