மூன்றாவது சொல்

கண்டி ஆஸ்பத்திரியில் தரை மட்டமாக இருந்தது.
எனக்கு அதுதான் கஷ்டம்.

டொக்டர் மூன்று சொல் சொன்னார்,
கொஞ்சம் கழித்துக் கேட்பேன் என்றார்.
பிறகு காதின் படமொன்றைக் காட்டினார்:
ஒரு நத்தை, அதன் முதுகில் மூன்று வளையம்,
வளையத்துக்குள் தண்ணீர்.
மாசியில் வந்த காய்ச்சல்
வலப்பக்கத் தண்ணீரை ஊமையாக்கிவிட்டதாம்.

தலை சுற்றுவது விளங்கியது.
மறதி எதற்கு என்றேன்.
நிற்கிற இடம் எதுவென்று காது சொன்னால்தான்
மூளை அங்கே எதையாவது வைக்கும் என்றார்.

நான் மட்டக்கம்பை நினைத்தேன்.
செடிமேல் படுக்கவைத்து
அதற்கு மேலே எழும்பியதை மட்டும் கிள்ளுவோம்.
கம்பு கோணினால் கங்காணி ஏசுவார்.
கம்பே இல்லாமல் ஏழு மாதம்
கிள்ளியிருக்கிறேன் போல, கண்டதையெல்லாம்.

பன்னிரண்டாம் நம்பர் மலையில் என் நிரை போனது.
இருபத்திரண்டு வருஷ நிரை.
யோகமலர்தான் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டாள்.
சீட்டுக்காசு கட்டினேனா, தெரியாது.
பீலிக்குப் போய்க் குடத்தை விட்டு வந்தேன், இரண்டு தரம்.
பிறகு, கட்டாரிலிருக்கும் மகனின் நம்பர்.

ஒன்று மட்டும் டொக்டரிடம் சொல்லவில்லை.
லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவில்
ஒரு கால் மேல்கல்லில், ஒரு கால் கீழ்க்கல்லில் ஊன்றி
வெறுங்கூடையின் கயிற்றை நெற்றியில் இழுத்துவிட்டால்
அந்த நம்பர் பாதிவரைக்கும் வரும்.
கால் சொல்கிறதோ, கழுத்து சொல்கிறதோ.

"அந்த மூன்று சொல்?" என்றார்.
கீழே பார்த்தேன். பளிங்குத் தரை,
எந்தப் பக்கமும் சரியவில்லை.
கையை விரித்தேன்.
எழுதிக்கொண்டார்.

ஹட்டன் பஸ்ஸில் சீட் கிடைத்தும் உட்காரவில்லை.
கினிகத்தேனை தாண்டி ஒரு முடக்கில்
பஸ் இடப்பக்கம் சாய்ந்தது;
"குடை" என்றேன், வாய்விட்டு.
பக்கத்தில் நின்ற ஆள் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.
மழையில்லை.

அடுத்த நாலைந்து முடக்கும் சும்மா போயின.
வட்டவளையில் டிரைவர் பிரேக் அடிக்க
எல்லோரும் முன்னால் விழுந்தோம்.
ஆணி.

அவ்வளவுதான்.
ரொசல்லை வந்தது, ஹட்டன் வந்தது,
தோட்டத்து லொறி குலுக்கிய குலுக்கில்
இடுப்புத்தான் வலித்தது.

இப்போது விடியலில்
பிரட்டுக்களத்துக்கு இறங்கும் படிகளில்
ஒவ்வொன்றாக நின்று நின்று
கொஞ்சம் சாய்ந்து பார்க்கிறேன்.

"என்னடி தேடுற?" என்கிறாள் யோகமலர்.

தெரிஞ்சா தேடுவேனா.