ஊர் என்ற இடத்தில்

பாஷையூர்ப் பங்குப் பணிமனை.
ஞானஸ்நானப் புத்தகம், 1851.
பூச்சி தின்ற ஓட்டைகளுக்கு நடுவே
என் பூட்டனின் தகப்பன், வஸ்தியான்.
தாய் மதலேன். தகப்பனுக்கு ஒரு கோடு.
ஊர் என்ற இடத்தில்
பிரெஞ்சுச் சுவாமியின் சாய்ந்த எழுத்து:
டெரியாடோ.

மூன்று நாள்.
திருவடிநிலையோ? தெல்லிப்பழையோ?
ஏதேனும் காணித்துண்டின் பெயரோ?
நெடுந்தீவு மட்டும்
வரைபடத்தில் விரல் போய்வந்தது.

வெள்ளி பின்னேரம்,
பூட்டுகிற அவசரத்தில் நின்ற றெஜினாவிடம்
பக்கத்தை நீட்டினேன்.
"இது எந்த இடம், பிள்ளை?"
நிமிராமலே சொன்னாள்:
"தெரியாது."

சாவிக்கொத்து கிலுங்கியது.
அந்தச் சொல்லை இன்னொருக்கால்
சுவாமியின் காதால் கேட்டுப் பார்த்தேன்.

மதலேன்,
தெரியாமல்தான் சொன்னாயா,
சொல்லாமல் விட்டாயா?
அவர் மையை ஒற்றிவிட்டு
அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டிருப்பார்.