நோ

"பெயின்?" என்று கேட்டார் சின்ன டொக்டர்.
"நோ" என்றேன்.
தலையை ஆட்டி
இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள்தான்
ரிஸ்மினா மிஸ் அட்டையைப் பார்த்துச் சிரித்தா.
"நீங்க நோவெண்டு சொன்னதை
அவர் இங்கிலீஷில விளங்கியிருக்கார்."
நானும் சிரித்தேன்.
சிரித்த குலுக்கலில்
முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரை
ஓடிப்போய்த் திரும்பி வந்தது
எழுதப்படாத அது.

முகத்துவாரத்தில்
பதினாறு வருஷம் ஐஸ் உடைத்தவன்.
விடியப்புறம் இரண்டு மணிக்கு
மரத்தூள் ஒட்டிய பாளத்தைக் கொக்கியால் இழுத்து
மெஷினின் வாயில் கொடுப்பேன்.
பாரை, சூரை, சாளை
எல்லாம் என் குளிரைப் போர்த்திக்கொண்டுதான்
பேலியகொடைக்குப் போகும்.
ஒரு மழை நாள், கொக்கி வழுக்கியது.
கை போகவில்லை.
உள்ளே ஒரு நரம்பு மட்டும் நசுங்கி,
நசுங்கியதை
இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

பெரிய டொக்டர் அதைக் கிண்ணத்தில் வைத்துக் காட்டினார்.
இரும்பாக ஏதோ இருக்குமென்று நினைத்திருந்தேன்.
இது இறப்பர் பட்டியிலும் மெல்லிசு,
தொட்டால் நனைந்த அப்பத்தின் ஓரம்.
"உள்ளே இரண்டு வாய்க்கால்.
ஒன்றில் திரவம், மற்றதில் காற்று.
சந்திக்கிற இடத்தில் ஆவியாகும்,
போகிறபோது சூட்டையும் கொண்டுபோகும்.
வேர்வை காய்கிற மாதிரி.
நரம்பு குளிர்ந்தால் சேதி ஊர்ந்து ஊர்ந்து
அப்படியே நின்றுவிடும்."

மாலை ஐந்தரை, பம்பலப்பிட்டி, பஸ்.
அதுதான் எனக்குத் தோன்றியது.
நோ ஏறிவிட்டது, சீட்டும் கிடைத்துவிட்டது,
வீடு மட்டும் வரவில்லை.

"பிறகு அதைக் கழட்ட இன்னொரு ஒபரேஷனா?"
லூர்த்தம்மா கேட்டாள்.
"வேண்டாம். வேலை முடிய, தானாகக் கரையும்."
"ஓ, ஐஸ்தானே" என்றாள்,
அவ்வளவுதானா என்கிற மாதிரி.

இன்னும் பரீட்சைதான், தெரிந்தே சம்மதிக்கிறேன்
என்று எழுதிய தாளில் இடக்கையால் ஒப்பம் வைத்தேன்.
அதில் முழுக்க 'வலி' என்றே இருந்தது.
எங்கள் ஒழுங்கையில் வலி என்றால்
கந்தப்பரின் மகனுக்கு வருகிற காக்காய் வலி.
மற்றதெல்லாம் நோ.

வெளியிலிருந்து வரும் குளிரை எனக்குத் தெரியும்.
சாக்குக்குள்ளால், கையுறைக்குள்ளால்,
நகக்கண்ணில் வந்து குந்தும்.
இது வேறு.
பொத்தானை அமத்தினேன்.
கதவைத் தட்டிக்கொண்டே நின்ற கடன்காரன்
தட்டு தட்டாகக் குறைத்து
செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது.
பிறகு
படலை.

சுண்டுவிரலும் அவனோடு போய்விட்டது, அதையும் சொல்லவேண்டும்.
பிளேன் டீ கோப்பையை அணைத்துப் பிடித்து
தோல் சிவந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் வைத்தேன்.
"அமத்தின நேரத்தில சுடுதண்ணிப் பக்கம் போகாதேங்க"
என்று மிஸ் இன்னொரு தாளில் எழுதி ஒட்டினா.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி நாலாம் இரவு.
பழக்கம், இரண்டு மணிக்கு முழிப்பு.
உடம்புக்குள் ஒரு சத்தமும் இல்லை.
அந்த அமைதியில்தான் கேட்டது
குசினியில் யாரோ மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுவது.

லூர்த்தம்மா.
கொழும்பு ஏழில் ஒரு வீட்டில்
காலையிலிருந்து ஆறுமணிவரை நின்றபடி
உடுப்பு அயன் பண்ணுகிறவள்.
வெறும் சீமெந்துத் தரையில்
இரண்டு முழங்காலையும் ஒட்டவைத்து
பக்கவாட்டில் படுத்துக் கிடந்தாள்,
தரையில் இருக்கிற குளிரெல்லாம் தனக்கே என்று.
எத்தனை மாதமாக இந்தத் தரை?
என்னுடையது போட்ட கூச்சலில்
எனக்கு எங்கே கேட்டது.

"நோகுதா?"
"நோ" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

எந்த மொழி என்று கேட்கவில்லை.
பிரிஜ்ஜைத் திறந்து
தட்டை நல்ல கையால் சுவரில் ஒரு தட்டு.
சம்பளமில்லாமல் நான் உடைத்த முதல் ஐஸ்.
துவாயில் சுற்றி வைத்தேன்.
"ஊ" என்றாள், "சனியன், குளிருது."

துவாய் சொட்டத் தொடங்கியது.
என் முழங்கைக்குள்ளும்
அது கொஞ்சம் கரைந்திருக்கும்.