88:88

மேலப்பாளையம் மைதீன் பிச்சை
எல்லாருக்கும் எடைக்குத்தான் கொடுப்பார்.
இதை மட்டும் எனக்கென்று
சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார்.
பதினாலு இன்ச், கறுப்பு வெள்ளை.
வீரவநல்லூர் வட்டிக்கடை ஒன்றில்
கேமராவுக்கு முகமாக இருந்தது.
"யக்கா, போட்டா படம் வராது.
ஆனா அணைஞ்சு கெடக்கும்போதே ஒரு படம் தெரியும்."
நூற்று எண்பது ரூபாய்.

அம்பை பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
கல்லிடைக்குறிச்சியில் ஏறியவர்
தூங்கும் பிள்ளைக்கு இடம் விடுவதுபோல்
ஒதுங்கி உட்கார்ந்தார்.

பகலெல்லாம் கூட்டுறவு உரக்கடையில்
யூரியாவுக்கு ரசீது எழுதுகிறேன்.
ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் எனக்கு.

முதலில் அது என்னைக் கொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
பிளக்கைப் பிடுங்கி நாள் கணக்கானாலும்
கண்ணாடிக்குள் மின்சாரம் குடியிருக்கும்.
ஸ்க்ரூடிரைவரின் கழுத்தில் வயரைச் சுற்றி,
மறுமுனையைச் சேசிஸில் கவ்வவிட்டு,
ரப்பர் தொப்பிக்கு அடியில் மெல்ல நுழைத்தேன்.
இடது கை முதுகுக்குப் பின்னால். அது என் சட்டம்.
டப்.
பழங்கடன் ஒன்று தீர்ந்த சத்தம்.

உள்ளே பல்லி முட்டை இரண்டு.
உச்சி உப்பிய கெபாசிட்டர் நான்கு.
ட்ரான்ஸ்பார்மரின் கால்களைச் சுற்றி
ஈயம் வட்டவட்டமாக வெடித்திருந்தது,
அறுப்பு முடிந்த வயல் மாதிரி.

மூன்றாம் ராத்திரி
திரையின் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு.
கோடு வந்துவிட்டால் எனக்குப் பசிக்க ஆரம்பித்துவிடும்.
பழைய சோற்றைத் தின்றுவிட்டு ஐசியை மாற்றினேன்.
பத்தமடைப் பாயை யாரோ உதறியதுபோல்
கோடு மேலும் கீழும் விரிந்தது.

சோதித்துப் பார்க்க என்னிடம் இருப்பது
ஒரு டிவிடி. யார் வீட்டுக் காதுகுத்தோ தெரியாது,
பிளேயரோடு காயலான் கடையிலிருந்து வந்தது.
மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை அழ,
அந்த அழுகைக்குப் பின்னால்
வட்டிக்கடை நின்றது.
கவுண்டர். கம்பி வலை. சுவரில் ட்யூப்லைட்.
பதினோரு வருடம் ஒரே இடத்தைப் பார்த்துப் பார்த்துப்
பாஸ்பரஸ் கருகியிருந்தது.
இதற்குச் சால்டரிங் கிடையாது.
பந்திக்குப் போகிறவர்கள் எல்லாம்
கம்பி வலைக்குள் நுழைந்து போனார்கள்.

அசையாதது மட்டும் பதிந்திருக்கிறது.
வந்து நின்று போனவர்கள் யாரும் இல்லை.
கவுண்டருக்கு முன்னால் மட்டும்
ஆள் உயரத்தில் கொஞ்சம் வெளுப்பு.
எத்தனையோ பேர் மறைத்ததால் கருகாமல் தப்பிய இடம்.
மூலையில் நேரம்:
எல்லா எண்ணும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
எட்டு எட்டு, எட்டு எட்டு.

கொம்பையா மில்லிலிருந்து வந்தார்,
புருவமெல்லாம் தவிடு.
"இது என்ன மணி?"
"எல்லா மணியும்."
குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.
"இது நம்ம வட்டிக்கடைல்லா?"

நமக்கு ஏது வட்டிக்கடை?

துண்டால் முகத்தைத் துடைத்தார்.
துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.
"நீ ஆஸிலோஸ்கோப் வேணும்னு நின்னல்லா,
அந்த வருசம்."
"அது மில் போனஸுன்னு சொன்னீய."
"போனஸ் எங்க குடுத்தான்?
மோதிரத்த வச்சேன்."
"மோதிரம் ஆத்துல போச்சுன்னீய!"
"முங்கிப்போச்சுன்னேன்.
ஆத்துலன்னு நான் எப்பம் சொன்னேன்?"

இரண்டு நாள்
முழங்கால் தண்ணீரில் நின்று
படித்துறை மணலைக் காலால் துழாவியிருக்கிறேன்.
தாமிரபரணியை வாயில் வந்தபடி ஏசியிருக்கிறேன்.
இவர் கரையில் உட்கார்ந்து
"போதும் வா, சளி பிடிக்கும்" என்றார்.

சிரிப்பதா எறிவதா என்று கையில் பார்த்தால்
சூடான சால்டரிங் அயர்ன்.
ஸ்டாண்டில் வைத்தேன்.

"இதுல நான் தெரியுதனா?"
"தெரியல. ஆனா இந்த வெளுப்புல
ஒரு பத்து நிமிசம் ஒங்களுது."
"பத்தா? முக்கா மணி நேரம் நிக்க வச்சான், சவம்."

சாப்பிடப் போய்விட்டார்.
அடுப்படியில் தட்டு விழுந்தது.
படம் இடது பக்கம் அரை விரல் ஒதுங்கியிருக்கிறது.
ட்யூபின் கழுத்தில் காந்த வளையம் இரண்டு உண்டு,
ஒன்றை ஒன்று பார்க்கத் திருப்பினால் நடுவுக்கு வரும்.
இன்றைக்கு வேண்டாம். கை நடுங்குகிறது.